தளம் இன்னும் திறந்திருக்கிறது

மூக்கு அரிக்கிறது. கையுறையோடு சொறிந்தால் எண்ணெய் நாற்றம். கழற்றிவிட்டுச் சொறியலாமென்றால், மறுபடி மாட்டுவதற்குள் ஒலிபெருக்கி என் பெயரைக் கூப்பிட்டுத் தொலைக்கும். அது அப்படித்தான், மணிக்கணக்கில் வாயைத் திறக்காது, ஒருத்தன் ஒரு விரலை வெளியே எடுத்தால் உடனே கத்தும். அரிக்கட்டும். போர் நடக்கிற கடலில், போர் விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு மூக்கைப் பற்றி இவ்வளவு நேரம் யோசிக்கிற ஒரே லெப்டினன்ட் இந்த நாச்சிமுத்துவாகத்தான் இருப்பான். யோசிக்க வேறு விஷயம் இல்லாமல் இல்லை. இருப்பதை யோசிக்காமலிருக்கத்தான் மூக்கு. தோளில் பட்டை, இடுப்பில் பட்டை, தொடையில் பட்டை, தலையில் ஹெல்மெட், மேல்கண்ணாடியைத் திறந்து வைத்து வெயிலில் வடகம் மாதிரி காயப்போட்டிருக்கிறார்கள். தயார் நிலை என்று இதற்குப் பெயர். எதிரி வந்தால் கிளம்ப வேண்டும், வராவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும், பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். கப்பல் கிழக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று நிழலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன், சற்று முன் நிழல் மடியில் இருந்தது, இப்போது இடது முழங்காலுக்கு வந்துவிட்டது, கப்பல் திரும்பியிருக்கிறது. எதற்குத் திரும்பியது என்று கேட்காதே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காதே. விமானம் இறங்கினாலும் ஏறினாலும் கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பியாக வேண்டும், ஆகவே யாரோ இறங்கப்போகிறார்கள், அல்லது யாரோ ஏறப்போகிறார்கள். இறங்க வேண்டியவன் ஒருத்தன்தான் பாக்கி. நோயல் இன்னும் வரவில்லை.

காலையில் நாலு பேர் போனார்கள். கரையில் துறைமுகத்தைத் தாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை, முந்தாநாள் நானும் போய் வந்த அதே வேலை. நான் இங்கேயே இதே குழிக்குள் உட்கார்ந்து அவர்கள் திரும்புவதைப் பார்த்தேன். ஒன்று இறங்கியது, பின்னால் தொங்கும் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி இழுத்து நின்றது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது இறங்கியது. நான் நாலாவதற்காகக் கழுத்தைத் திருப்பி வைத்திருந்தேன், கழுத்து இன்னமும் வலிக்கிறது. தலைமை தாங்கிப் போன கமாண்டர் ஷெனாய் இறங்கி நடந்து வந்தபோது என் பக்கம் பார்க்காமல் போனார், பாவம், அவருக்கு என் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை. பிறகு எரிபொருள் போட வந்தவன்தான் சொன்னான். திரும்பும் வழியில் பெரிய மேகமாம், நாலு பேரும் நுழைந்தார்களாம், வெளியே வந்தது மூன்று பேராம். நடுவே யாரும் எதுவும் பேசவில்லையாம். எப்படிப் பேசுவார்கள், ரேடியோவில் ஒரு வார்த்தை பேசினால் கப்பல் எங்கே இருக்கிறதென்று எதிரிக்குத் தெரிந்துவிடும், வாயைத் திறக்காதே, வாயைத் திறக்காதே என்று எங்களை அடித்து அடித்துப் பழக்கியிருக்கிறார்கள், எங்களுக்குள் நல்ல விமானி என்றால் பேசாத விமானி. நோயலும் பேசவில்லை. நோயல் ஒழுங்காக இருக்கிறான் என்று ஷெனாய் நினைத்துக்கொண்டார். கூப்பிட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், திரும்பிப் போய்த் தேடியிருக்கலாம், ஆனால் கூப்பிடக்கூடாது. சொன்ன பேச்சைக் கேட்கிறவனும் செத்துப்போனவனும் எங்கள் ரேடியோவில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். செத்துப்போனவன் என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை. எதற்கு அந்த வார்த்தை வந்தது, வாயைக் கழுவு. எஞ்சினில் கோளாறு வந்து மெதுவாக வரலாம். திசைகாட்டி கெட்டு, சூரியனை வைத்துத் தடவித் தடவி வரலாம். எரிபொருள்? அது தீர்ந்திருக்கும் நேரம் தாண்டிவிட்டது என்று இந்தக் கப்பலில் சமையல்காரன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக்கையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கு சாதாரண ஆளுக்குப் போட்ட கணக்கு. நோயல் சாதாரண ஆளில்லை. போத்தனூர் ரயில்வே காலனி, அப்பா மெயில் வண்டி ஓட்டினவர், கரியை மிச்சம் பிடிக்கிற ரத்தம். எல்லோரும் காலி டாங்கியோடு வந்து விழும்போது இவன் மட்டும் இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்பான், கஞ்சப்பயல் என்றே அவனுக்குப் பேர். இன்றைக்கும் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பான். எவ்வளவு பிடித்து வைத்திருந்தாலும் இவ்வளவு நேரம் வருமா என்று உள்ளே ஒருத்தன் கேட்கிறான், அவனை நான் கவனிக்கவில்லை.

வெள்ளைக்காரத் தோலும் பூனைக்கண்ணுமாக இருந்துகொண்டு, "ஏனுங், சித்த அக்கட்டால நகருங்"என்று முதல் நாள் பயிற்சிப் பள்ளி வரிசையில் என்னைத் தள்ளினான். நான் வாயைப் பிளந்தேன். நோயல் டிக்ரூஸ். இங்கிலீஷில் அவன் பேசினால் காது குளிரும், ஆனால் தூக்கத்தில் உளறுவது முழுக்கக் கோயமுத்தூர். ஒரே அறையில் மேல் படுக்கை அவனுக்கு, கீழ்ப் படுக்கை எனக்கு, கப்பல் ஆடினால் அவன் கை தொங்கி என் மூஞ்சிக்கு நேரே வரும், நான் அதை எடுத்து மேலே போடுவேன், மறுபடி தொங்கும். முதன்முதலாகக் கப்பலில் இறங்கியபோது நான் கம்பியைத் தவற விட்டேன், கொக்கி மாட்டவில்லை, தளத்தின் முனைவரை ஓடி மறுபடி மேலே எழும்பினேன், உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது, இறங்கி வந்து வாந்தி எடுத்தேன். நோயல் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிவிட்டு, "போச்சாது போடா மாப்ளே, கப்பல் எங்க ஓடிப்போவுது? இன்னொரு ரவுண்டு வந்தா முடிஞ்சுது"என்றான். கப்பல் ஓடிப்போகாதாம். கப்பல்தானடா ஓடுகிறது, அதுதானே தொல்லை. மற்ற விமானிகளுக்குப் புறப்பட்ட இடம் புறப்பட்ட இடத்திலேயே இருக்கும், எங்களுக்கு மட்டும் வீட்டை விட்டு வெளியே போய்விட்டு வந்தால் வீடு வேறு ஊரில் இருக்கும். கட்டிலுக்கடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அவன் அம்மா அனுப்பிய குல்குல் பலகாரம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடக்கூடாது என்று என் கையில் அடித்து வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாமல் அவன் மட்டும் தின்கிறான் என்பது டின்னைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். அந்த டின்னை நான் எடுக்க வேண்டியிருக்கும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, திரும்பி வராதவனுடைய சாமானைக் கூட இருந்தவன்தான் மூட்டை கட்ட வேண்டும், வேறு யார் கையும் படக்கூடாது. சவர சாமான், செருப்பு, அந்தக் கண்றாவி மஞ்சள் சட்டை, டின். அவன் அம்மாவுக்கு, யாருக்கும் எழுதத் தெரியாத அந்தக் கடிதத்தை வேறு நான் எழுத வேண்டும். எழுத மாட்டேன். இரு, அவன் வருவான், வந்து என் சாமானை அவன் கட்டும் காலம் வந்தாலும் வரும். அதை நினைத்தால் ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

விளக்கு இன்னும் எரிகிறது, பார்த்துக்கொண்டேன். இறங்குகிறவனுக்கு வழிகாட்டும் விளக்கு, கப்பலின் இடது ஓரத்தில் பகலிலும் எரியும். பின்பாதியில் கம்பிகள் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கின்றன. யாரும் அணைக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை. இந்தக் கப்பலின் மேல்தளம் ஒன்றே ஒன்றுதான், பின்பாதி இறங்குவதற்கு, முன்பாதி இறங்கியவற்றை நிறுத்தி வைப்பதற்கு. மறுபடி கிளம்ப வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் விமானங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், அந்தக் கம்பிகளின் மேலேயே வரிசையாக நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் யாரும் இறங்க முடியாது. தளம் மூடிவிட்டது என்பார்கள். நாங்கள் கிளம்பிப் போனதும் தளம் மறுபடி திறக்கும்தான், ஆனால் அது வேறு ஆட்களுக்கு. தேடப் போன ஹெலிகாப்டர் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது, அதன் இறக்கை சுற்றுவது நின்றுவிட்டது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, சத்தம் நின்றதைக் காது தானாகக் கேட்டுக்கொண்டது. அப்புறம் ஒலிபெருக்கி. அடுத்த கிளம்பலுக்கு விமானங்களைப் பின்னால் தள்ளவும். சாதாரணமாகச் சொன்னான், சாப்பாடு தயார் என்று சொல்வது போல. வரிசையில் கடைசியாக நிற்பது என் விமானம், ஆகவே முதலில் தள்ளப்பட வேண்டியதும் அதுதான். என்னைத் தள்ளாமல் எனக்கு முன்னால் நிற்கும் எதுவும் அசைய முடியாது. தளத்து ஆட்களுக்குத் தலைவர் அந்தோணி குருஸ், தூத்துக்குடிக்காரர், மூக்குக்கு மேல் வெயிலில் தோல் உரிந்து கிடக்கும் பெரிய உருவம், பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்தார். கட்டிப்போட்டிருந்த சங்கிலியை அவிழ்த்தார்கள். சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கட்டையை அவரே குனிந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஆட்கள் இறக்கையில் கை வைத்தார்கள். இப்போது விமானத்தைப் பிடித்து வைத்திருப்பது என் கால் இரண்டும்தான், உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் பிரேக்கை விட்டால்தான் உருளும். குருஸ் விசிலடித்தார். நான் பிரேக்கை விடவில்லை.

தீர்மானித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கால் அழுத்தியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குருஸ் மறுபடி விசிலடித்தார், நான் தெற்கே பார்த்தேன், அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும். ஒரு புள்ளி தெரிந்தது. பறவை. கடலுக்கு நடுவில் பறவைக்கு என்ன வேலை, ஒழிந்து போ. இன்னும் கொஞ்ச நேரம், அந்த மேகத் துண்டு அந்த இடத்தைத் தாண்டும்வரை, அதுவரைதான். மேகம் தாண்டிவிட்டது. சரி, அடுத்தது. மேலே இரண்டு பேர் கப்பலுக்குக் காவல் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை மாற்ற ஆள் போக வேண்டும், அவர்களும் மனிதர்கள், அவர்களுக்கும் எரிபொருள் தீரும், கப்பலில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், காவல் இல்லாமல் நேர்கோட்டில் காற்றுக்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கும் கப்பலுக்கு நீருக்கடியில் எவன் காத்திருக்கிறானோ. எல்லாம் தெரிகிறது. ஆயிரம் பேரையும் ஒரு தட்டில் வைத்து நோயலை இன்னொரு தட்டில் வைத்தால் என்று ஆரம்பித்து, தராசே வேண்டாமென்று விட்டேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள், நாச்சிமுத்து, யார் காதிலும் விழாதபோதே கேட்டுக்கொள். இந்தப் பிரேக்கு நோயலுக்காகவா? தள்ளி நிறுத்திய பிறகு என்ன நடக்கும், தளத்துக் கவண்பொறியில் மாட்டி உன்னை வானத்துக்கு எறிவார்கள், நீ தெற்கே போவாய், அதே மேகம் அங்கேயே நிற்கும். நீயும் நுழைவாய். நீயும் பேச மாட்டாய். காலை விடாதவரை உன்னை யாரும் எறிய முடியாது. நண்பனுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வெளியே போகப் பயந்து கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேனோ? எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. இரண்டும் ஒரே காலில்தான் இருக்கின்றன, எந்தப் பாதம் எதற்கென்று யார் பிரித்துச் சொல்வது. நோயலிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். "பயந்தா பயந்துட்டுப் போ, அதுக்கு எம்பட பேர எதுக்குடா இழுக்கற"என்று ஒரே போடாகப் போட்டிருப்பான். கேட்பதற்குத்தான் அவன் வேண்டும். இவ்வளவு பேர் நடுவில், இறக்கைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் கை வைத்து நிற்க, நான் இப்படித் தனியாக இருந்ததே இல்லை. மூக்கு அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ஏணியில் யாரோ ஏறும் சத்தம். குருஸ் தலை பக்கவாட்டில் தெரிந்தது. என் தோள்பட்டையைச் சரிசெய்வது போல இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார். "மேலருந்து கத்துதாவ சார். பிரேக்கு இறுகிட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்."பட்டையை இன்னொரு தரம் இழுத்தார். "அந்தப் பொய் எம்புட்டு நேரம் நிக்கும்னு தெரியல"என்றார். "வருவான், குருஸ்"என்றேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. "எண்ணெயை மிச்சம் பிடிக்கிறவன். உங்களுக்குத் தெரியாதா?" "தெரியாம என்ன சார், அவுக இறங்குனா டாங்கியில எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பயலுவ பந்தயம்லா கட்டுவானுவ."அவரும் தெற்கே பார்த்தார். அவர் கடல்மேலேயே பிறந்து வளர்ந்த ஆள், அந்தக் கண்ணுக்குத் தெரியாத எதுவும் என் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. வெகுநேரம் பார்த்தார். ஏதாவது சொல்வாரென்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், திட்டினால்கூடத் தேவலை, உத்தரவு போட அதிகாரம் இல்லாவிட்டாலும் ஒரு அதட்டல் போட்டால் காலை எடுத்துவிடுவேன், பழி அவர்மேல் போய்விடும். அவர் திட்டவில்லை. "நாங்க நிக்கோம் சார்"என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நிற்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம், தள்ளுகிறவர்கள் எதற்கு நிற்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. காலைப் பார்த்தேன். மணிக்கணக்காக உட்கார்ந்து தொடைப் பட்டை அறுத்து இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன, எத்தனை நேரமாக என்று தெரியாது. பாதங்கள் பிரேக்கின் மேல் இல்லை. கீழே வழுக்கிக் குதிகால் தரையில் கிடந்தது. நான் எதையுமே அழுத்தவில்லை. கட்டை குருஸ் தோளில், சங்கிலி தரையில், பிரேக் சும்மா கிடக்கிறது, விமானம் மட்டும் அசையவில்லை. இறக்கையை எட்டிப் பார்த்தேன். கை வைத்திருந்தார்கள். எல்லோரும் குனிந்து, கால் ஊன்றி, முதுகு வளைத்துத் தள்ளுகிற மாதிரியே நின்றார்கள், மேலே கப்பலை நடத்தும் மாடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஒருத்தன் கையிலும் நரம்பு புடைக்கவில்லை. எல்லோர் முகமும் தெற்கே திரும்பியிருந்தது. விளக்கு போடுகிறவன், கம்பியைத் தளர்த்த வேண்டியவன், அவரவர் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு அதே பக்கம். நான் ஒருத்தன் காலால் தளத்தைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள். சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் கண் கரித்தது. அவர்களும் எதிர்பார்க்கிறார்கள் என்றால் அவன் வந்துவிடுவான் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உறுதியாகத் தோன்றியது. தெற்கே ஒன்றுமில்லை. மேலே காவல் சுற்றும் இரண்டில் ஒன்று தாழ்ந்து எங்கள் தலைக்கு மேலே இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டிவிட்டுப் போனது. பேச முடியாது, ஆகவே ஆட்டுகிறான். எரிபொருள் குறைகிறது என்று அர்த்தம். யாரும் நகரவில்லை. குருஸ் இறக்கையின் நுனியில் நின்று அண்ணாந்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தள்ளலாமா சார்?"என்று கேட்டார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சாவு வீட்டில், வெளியே நேரமாகிக்கொண்டிருக்கும்போது, பெரியவர் ஒருத்தர் உள்ளே வந்து, ரொம்ப நெருங்கின சொந்தக்காரன் பக்கத்தில் குனிந்து, எடுத்துரலாமா என்று கேட்பாரே, அந்தக் குரல். அவன் சொல்லாமல் யாரும் தொட மாட்டார்கள். மேலே இருந்து உத்தரவு வந்தாயிற்று, ஒலிபெருக்கி கத்தியாயிற்று, விசில் ஊதியாயிற்று, அதெல்லாம் போதாது என்று இந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கப்பலில் நோயலுக்குச் சொந்தம் என்று கேட்டால் கீழ்ப் படுக்கைக்காரனைத்தான் காட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் இரு என்று நான் சொன்னால் இருப்பார்கள், மேலே சுற்றுகிறவன் கடலில் விழும்வரைகூட இருப்பார்களோ என்னவோ. பயமாக இருந்தது. மேகத்தைப் பற்றிய பயம் இல்லை இது. என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையைப் பற்றிய பயம். இவ்வளவு நேரமும் நான் சொல்லாமலிருந்தது இதைத்தான், மூக்கு அரித்தது இதற்குத்தான். தெற்கே இன்னொரு தடவை பார்த்தேன், நன்றாக, கண்ணைச் சிமிட்டாமல். வெயில், தண்ணீர். என்னடா மாப்ளே, வர மாட்டியா என்று மனசுக்குள் கேட்டேன். பதில் பேசாமல் ஒழுங்காக இருந்தான்.

"தள்ளுங்க"என்றேன். வெறும் காற்றுதான் வந்தது, யாருக்கும் கேட்கவில்லை, ஒருத்தரும் அசையவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன்.

குருஸ் விசில் ஊதவில்லை. அவர் கையை மட்டும் உயர்த்தினார், ஆட்கள் நிஜமாகவே தள்ள ஆரம்பித்தார்கள். விமானம் பின்னோக்கி உருண்டது. இடது பக்கத்தில் விளக்கு அணைந்தது. முதல் கம்பியின் மேல் சக்கரம் ஏறி இறங்கியபோது எனக்கு முதுகுத்தண்டு வரை தெரிந்தது.